இருபத்தாறு வயதுப் பெண், பெயர் வேண்டாம்

எட்டு மணிக்குள்ள எடுத்தாகணும் அண்ணாச்சி, அதுக்குத்தான் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்தேன். கார் எடுத்தா வழியில கண்ணசந்துருவேனோன்னு பயம். இந்த ரத்தத்தை மத்தியானம் எடுத்தா பிரயோசனமில்ல, சாயங்காலம் எடுத்தா அது வேற கதை சொல்லும். காலைலதான் எடுக்கணும். ஊசி, ட்யூபு, பஞ்சு எல்லாம் கைப்பையிலயே கொண்டு வந்திருக்கேன். செண்பகாவை மட்டும் எழுப்பி விட்டுருங்க.

தூங்கட்டுமா? சரி, தூங்கட்டும். ஒரு அஞ்சு நிமிஷம் தூங்கட்டும். காபி மதினி குடுத்தாங்க, குடிச்சாச்சு. நல்ல காபி.

போன்ல பேசியிருக்கோம், நேர்ல பாக்கிறது இப்பதான். நான் டாக்டர் பிரமநாயகி. உங்க மக எம்.டி. படிக்கிற யூனிட்டுக்கு நான்தான் சீஃப். என்னைப் பத்தி வீட்டுல சொல்லியிருப்பாளே? ஒண்ணுமே சொல்லலியா? அதான் செண்பகா. நல்லதோ கெட்டதோ வாயைத் திறக்க மாட்டா. பேஷண்டுகிட்ட மட்டும் மணிக்கணக்காப் பேசுவா.

சுத்தி வளைக்காம சொல்லிருதேன். வெள்ளிக்கிழமை உங்க மக டீன் முன்னால போய் நின்னு, நான் படிப்பை விடுதேன்னு சொல்லிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. டீன் தங்கமான மனுஷன். "திங்கக்கிழமை வரைக்கும் நான் ஒண்ணும் செய்யல மேடம், நீங்க பேசிப் பாருங்க"ன்னாரு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்குக் காலைல அவ வார்டுல நிக்கணும். நிக்கலேன்னா ரெண்டு வருஷம் பட்ட பாடெல்லாம் தண்ணியில போச்சு. இன்னும் ஒரே வருஷம்தான் அண்ணாச்சி, ஒரே வருஷம்.

நீங்க ஜவுளிக்கடைக்காரரு, நாலு பேரை வச்சு வேலை வாங்குறவரு. உங்க மனசுல என்ன ஓடும்னு எனக்குத் தெரியும். இந்தம்மா பிள்ளையப் போட்டு வாட்டியிருப்பா, அதான் ஓடி வந்துட்டான்னு. வேற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. என் யூனிட்டுல நான் சத்தம் போட்டுப் பேசுனதா ஒரு பிள்ளை சொல்லட்டும். மத்த இடத்துல கேஸ் ஷீட்டைத் தூக்கி மூஞ்சியில எறியுதாங்க. நான் எறிஞ்சதில்ல. அதுவும் போக, எங்க காலேஜுல டாக்டர்கள் நலக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. டாக்டருங்க ரொம்பச் சோந்து போறாங்க, மனசு விட்டுப் போறாங்க, பாதியில வேலையை உதறிட்டுப் போறாங்க, கவனிங்கன்னு மேலிடத்து உத்தரவு. அந்தக் குழுவுக்குத் தலைவி யாருன்னு நெனைக்கீங்க? நான்தான்.

வேற ஆளா இருந்தா என்ன செய்திருப்பாங்க? யோகா வாத்தியாரைக் கூப்பிட்டிருப்பாங்க. வட்டமா நின்னு கை தட்டிச் சிரிங்கன்னு சொல்லியிருப்பாங்க. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. நான் ஃபிசிஷியன். சோர்வுன்னா அது ஒரு அறிகுறி. அறிகுறின்னா அதுக்குக் கீழ ஒரு காரணம் இருக்கணும். காரணத்தைப் பிடி, மருந்தைக் குடு, வேலை முடிஞ்சுது. முதல் கூட்டத்துலயே சொல்லிட்டேன். யாருக்குச் சோர்வோ என்கிட்ட அனுப்புங்க, தலையில இருந்து கால் வரைக்கும் பாத்துருதேன்னு சொன்னேன். ஒருத்தரும் வரல. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க போலன்னு நெனைச்சுக்கிட்டேன்.

எழுந்துட்டாளா? ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே. இல்லியா. சரி.

செண்பகாவை நானாத்தான் கண்டுபிடிச்சேன். ஒருநாள் ரவுண்ட்ஸ். அவ ஒரு பெரியவரு கேஸைச் சொல்லிக்கிட்டு வாரா. எப்பவும் தண்ணி மாதிரி சொல்லுவா. அன்னைக்குப் பாதியில நின்னுட்டா. பெட்டுல இருக்கிற ஆளைப் பாக்கா, என்னையப் பாக்கா. அப்பதான் நான் அவளைச் சரியாப் பாக்கேன். கன்னம் ஒட்டிப் போச்சு, கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது, கோட்டு தொளதொளன்னு தொங்குது. எனக்குப் பொறி தட்டிட்டு. இந்தப் பிள்ளைக்குள்ள ஒரு நோய் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. நாலு டாக்டரு கைவிட்ட கேஸை பிரமநாயகி பிடிச்சிருவான்னு எங்க பக்கம் எனக்கு ஒரு பேரு உண்டு, பாத்துக்கிடுங்க. பெருமைக்குச் சொல்லல.

ரூமுக்குக் கூப்பிட்டு, "என்னம்மா செய்யுது?"ன்னு கேட்டேன்.  தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா. "காலைல வார்டு வாசல்ல வந்து நின்னா உள்ள போக முடியல மேடம். அப்படியே திரும்பிப் போயிரணும் போல இருக்கு." சொல்லும்போதே கண்ணுல தண்ணி கொட்டுது. சரி, உணர்ச்சிவசப்படுதா, அதையும் மனசுல குறிச்சுக்கிட்டேன். கையை நீட்டச் சொன்னேன், விரல் நடுங்குது. நாடியப் பிடிச்சேன், ஓட்டமா ஓடுது. எடை குறைவு, நடுக்கம், படபடப்பு, அழுகை. தைராய்டு! புத்தகத்துல போட்ட மாதிரி அப்படியே பொருந்துது. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

தைராய்டு நார்மல்.

விட்டேனா? ரத்தசோகை பாத்தேன், சர்க்கரை பாத்தேன், டி.பி. பாத்தேன். நெஞ்சு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாச்சு. ஒண்ணுல ஒரு புள்ளி தப்பில்ல. எங்க அசிஸ்டண்ட் தவமணின்னு ஒருத்தன், நல்ல பையன், கொஞ்சம் வாய் நீளம். அவன் வந்து, "மேடம், அந்தப் பிள்ளை தூங்குறதே இல்ல, ரெண்டு பேரு வேலையை ஒத்தையில பாக்கா"ன்னான். "தூக்கமின்மையா? அதை ஏன் முன்னாடியே சொல்லல? அதையும் சேத்துக்கோ"ன்னேன்.

அவன் சொன்னது பொய்யில்ல. கூடப் படிக்கிற ஒருத்தி பிரசவத்துக்குப் போயிட்டா. இன்னொருத்தனை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க. மிச்சம் இருந்தது செண்பகாதான். வேற யாரா இருந்தாலும் நான் யோசிச்சிருப்பேன். இவ செய்வாங்கிற நம்பிக்கையிலதான் எல்லாத்தையும் அவ கையில குடுத்தேன். செய்தா. முகம் சுளிக்காம செய்தா. என் சர்வீஸ்ல இப்படி ஒரு பிள்ளைய நான் பாத்ததில்ல.

என்ன கேட்டீங்க? சாப்பாடா? சாப்பிட்டாளான்னு யாரு பாக்க முடியும் அண்ணாச்சி? கேன்டீன் பக்கத்துலயேதான் இருக்கு. நான் காலேஜுல சாப்பிடுறதே கிடையாது, ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு அல்சர் மாத்திரை, அது போதும். பழகிரும். லீவா? லீவு குடுக்கலைன்னு மட்டும் யாரும் என் மேல பழி சொல்லிரக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கிறதுக்காக ஒருநாள் முழுசா லீவு குடுத்தேன்! அந்த மிஷினுக்குள்ள படுத்திருக்கும்போது தூங்கிட்டான்னு டெக்னீஷியன் சொன்னான். அந்தச் சத்தத்துல யாராவது தூங்குவாங்களா? அதையும் நான் விடல. மூளைக் காய்ச்சல் வந்தா இப்படி அளவுக்கு மீறித் தூக்கம் வரும். அதுவும் இல்லைன்னு ரிப்போர்ட்டு வந்துட்டு.

இருங்க, போன். தவமணிதான். சொல்லுப்பா. மூணு பேரா? ஆக்சிஜன் குடுத்தியா? நான் மத்தியானத்துக்குள்ள வந்துருதேன்... இல்ல, இன்னும் எந்திரிக்கல. வருவா, வருவா. கூட்டிட்டுத்தான் வருவேன்.

பாத்தீங்களா, இன்னைக்கு எங்களுக்கு அட்மிஷன் நாள், புதுசா வாற நோயாளி எல்லாம் எங்க யூனிட்டுக்குத்தான். பாவம், அவன் ஒருத்தன் கிடந்து அல்லாடுதான். கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன். இல்ல, வேண்டாம், உக்காந்தா கண்ணசந்துருவேன்.

எங்க விட்டேன்? ஆங், கூட்டம். மாசாமாசம் காலேஜ் டாக்டருங்க அத்தனை பேரும் கூடுற கூட்டம் ஒண்ணு உண்டு. ஒரு யூனிட்டு பிடிபடாத கேஸைக் கொண்டு வரும். மத்தவங்க மூளையக் கசக்கி, என்ன நோயின்னு சொல்லணும். நான் யோசிச்சேன். நமக்குப் பிடிபடல, பத்து பேரு யோசிச்சா பிடிபடும். பிள்ளைக்கு நல்லதுதானே? பேரைச் சொல்ல வேண்டாம். இருபத்தாறு வயதுப் பெண், அவ்வளவுதான். மேடையில நின்னு கேஸை எடுத்துச் சொல்றது யூனிட்டுல படிக்கிற பிள்ளைதான், அது மாறாத வழக்கம். எங்க யூனிட்டுலதான் இப்ப ஒரே பிள்ளை இருக்கே.

ஆமா அண்ணாச்சி. செண்பகாவேதான் சொன்னா. அவளைப் பத்தி அவளேதான் சொன்னா. இதுல முழிக்கிறதுக்கு என்ன இருக்கு? தவமணியும் இப்படித்தான் முழிச்சான். "மேடம், நான் சொல்லுதேன், அவளை விட்டுருங்க"ன்னு கெஞ்சுனான். "அவளைவிட அந்தக் கேஸ் உனக்குத் தெரியுமாடா?"ன்னு கேட்டேன். 

ஹால் நெறஞ்சு கிடக்கு. இவ நல்ல சேலை கட்டி, கோட்டு போட்டு மேடைக்கு வந்தா. "இருபத்தாறு வயதுப் பெண்"ன்னு ஆரம்பிச்சா. குரல்ல ஒரு பிசிறு கிடையாது. எங்க தொழில்ல ஒரு சட்டம் உண்டு, நான் முதல் நாளே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுவேன். நோயாளி என்ன குறைன்னு வந்தாங்களோ, அதை அவங்க வாயில இருந்து வந்த வார்த்தையிலயே சொல்லணும். நம்ம படிச்ச படிப்பை அதுல கலக்கக் கூடாது. இவ அதே மாதிரி சொன்னா. "காலைல வார்டு வாசல்ல வந்து நின்னா உள்ள போக முடியல. திரும்பிப் போயிரணும் போல இருக்கு."

 பின்வரிசையில இருந்து யாரோ, "இது நோயா? அப்போ என்னையும் அட்மிட் பண்ணுங்கம்மா"ன்னாரு. சிரிப்புன்னா சிரிப்பு, ஹாலே குலுங்குது. அந்தச் சிரிப்புல ஒருத்தரு கண்ணைத் துடைச்சாரு, அவ்வளவு சிரிப்பு. கேஸ் கெட்டுப் போயிருமேன்னு எனக்குப் பதறிட்டு. எந்திரிச்சு, "சோர்வு, எடை குறைவு, ரெண்டு மாசமா. அப்படிச் சொல்லும்மா"ன்னு எடுத்துக் குடுத்தேன். என்னைய ஒரு பார்வை பாத்தா. அப்புறம் "சோர்வு, எடை குறைவு, ரெண்டு மாசமா"ன்னா.

அதுக்கப்புறம் பாக்கணுமே! சர்ஜரி சீஃப் ஜெபராஜ், வயித்துல கட்டியாத்தான் இருக்கும், திறந்து பாத்துருவோம்னாரு. தோல் டாக்டரு ஒண்ணு சொன்னாரு, நரம்பு டாக்டரு ஒண்ணு சொன்னாரு. ரெண்டு பேருக்கும் கைகலப்பு ஆகாத குறைதான். நேரம் முடிஞ்சும் ஒருத்தரும் எந்திரிக்கல. இந்த வருஷத்துல இப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லன்னு டீன் என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு. கடைசியா ஒருத்தரு கேட்டாரு, "அந்த நோயாளி இப்ப எங்கம்மா?" இவ கொஞ்சம்கூட யோசிக்கல. "ட்யூட்டியில இருக்காங்க சார்"ன்னா.

கைதட்டலு! நான்தான் முதல்ல தட்டுனேன்.

அந்தக் கூட்டத்துலதான் ஒருத்தரு அட்ரீனலைச் சொன்னாரு. கிட்னிக்கு மேல தொப்பி வச்ச மாதிரி உக்காந்திருக்கிற சின்னச் சுரப்பி. அது சுரக்கலேன்னா இந்த அத்தனையும் வரும். அந்த டெஸ்டு ஒண்ணுதான் நான் எடுக்காம விட்டது. எனக்கு ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல. வெள்ளிக்கிழமை காலைல ட்யூபும் கையுமா வார்டு வார்டாத் தேடுதேன், ஆளைக் காணும். டீன் ரூமுக்குப் போயிட்டு, ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு, பஸ் ஏறிட்டான்னு சொல்லுதாங்க. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, இது நியாயமா? எந்தச் சீஃப் தன் கீழ படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பாத்திருக்கா? பெத்த மகனுக்கு நான் இப்படிப் பாத்ததில்ல. அவன் கனடாவுல இருக்கான். பேரன் பொறந்தான், போகணும் போகணும்னு இருக்கேன், யூனிட்டை விட்டு எங்க போக? எனக்கு வருத்தம்தான். மறைக்கல, மனசு ரொம்ப வலிக்குது.

வந்ததுல இருந்து தூங்கிக்கிட்டே இருக்காளா? முழிச்சுச் சோறு தின்னுட்டு மறுபடி தூங்குதாளா? இதுவும் அட்ரீனல்ல வரும் அண்ணாச்சி, வரும்.

அந்தா, கதவு. வா செண்பகா. வாம்மா.

நல்லாத் தூங்குனியா? முகம் தெளிஞ்சிருக்கே. இல்ல இல்ல, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் திட்ட வரல. அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் மேல ஒரு கோவமும் இல்ல. ஒரே ஒரு ரத்தம், அவ்வளவுதான். எட்டு மணி ஆகப்போகுது. இப்படி உக்காரு, கையை நீட்டு. நல்ல பிள்ளை. அண்ணாச்சி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க, வெளிச்சம் வரட்டும். முஷ்டியை மடக்கும்மா. இந்தா, இந்த நரம்பு நல்லாத் தெரியுது. ஒரு நிமிஷம் இரு. பஸ்ஸுல கம்பியப் பிடிச்சுக்கிட்டே வந்ததுல கை கொஞ்சம் ஆடுது. இரு.

என்னம்மா? இதுவும் நார்மலா வந்தா என்ன செய்வீங்கன்னா கேக்க? நார்மலா வந்தா நல்லதுதானே! உனக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம். நாளைக்குக் காலைல ட்யூட்டிக்கு வந்துரலாம், எல்லாம் பழையபடி...

ஏன் கையை இழுத்துக்கிட்ட?

வரலையா? நாளைக்கு மட்டுமா, இல்ல இனி வரவே மாட்டியா? யோசிச்சுத்தான் சொல்லுதியா? நாளைக்கு நீ வரலேன்னா டீன் சரின்னு சொல்லிருவாரு, அப்புறம் பிரம்மா வந்தாலும் உன்னைய உள்ள சேக்க முடியாது. தெரியுமா? தெரிஞ்சுதான் சொல்லுதியா? அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். என்ன தலைய ஆட்டுதீங்க? உங்களுக்கும் சம்மதமா? அப்போ நான் பேசுனதெல்லாம் யாருகிட்ட?

செண்பகா, நீ இல்லாம அந்த வார்டை நான் எப்படிம்மா பாப்பேன்? என்னால முடியாது. நெசமாச் சொல்லுதேன், என்னால முடியாது. திரும்பிப் போயிரணும் போல இருக்குன்னு சொன்னியே, அது ஒரு காரணமா? அது யாருக்குத்தான் இல்ல? எனக்கு இல்லியா? தினம் காலைல காரைக் கொண்டு போய் வேப்பமரத்தடியில நிப்பாட்டுதேன். இறங்க முடியல. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கேன். வாட்ச்மேன் வந்து கண்ணாடியத் தட்டி, "மேடம், என்னமும் செய்யுதா?"ன்னு கேக்கான். "போன் பேசுதேம்ப்பா"ங்கேன். போன் பைக்குள்ள கிடக்கும். ஒருநாள் காரைத் திருப்பிக்கிட்டு ரயில்வே கேட் வரைக்கும் போயிட்டேன். கேட் மூடியிருந்துச்சு. மூடியிருந்ததால திரும்பி வந்தேன், திறந்திருந்தா எங்க போயிருப்பேன்னு எனக்கே தெரியாது. அதுக்காக நான் படிப்பை விட்டேனா, வேலையை விட்டேனா? வந்து ரவுண்ட்ஸ் எடுக்கேன்ல?

என்ன கேட்ட?

எவ்வளவு நாளா இப்படி இருக்குன்னா கேக்க?

அண்ணாச்சி, பாத்தீங்களா உங்க மகளை! நோயாளிகிட்ட விசாரிக்கிற மாதிரி என்கிட்டயே ஹிஸ்டரி எடுக்கா! பக்கத்துல உக்காந்து, நோயாளி முகத்தைப் பாத்து, அவசரப்படுத்தாம கேக்கணும்னு நான் சொல்லிக் குடுத்தது. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன், இப்படி ஒருத்திதான் கேக்கா. என்கிட்ட இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல தெரியுமா. வீட்டுலயும் இல்ல, வெளியிலயும் இல்ல.

இல்லம்மா, அழல. சரி, அழுதேன். இருக்கட்டும், நாடியப் பிடிச்சுக்கோ, உன் இஷ்டம். படிப்பை விட்டாலும் ஹிஸ்டரி எடுக்கிறது மறந்துரக் கூடாது பாரு, அதுக்காகத்தான் பதில் சொல்லுதேன். உனக்கு ஒரு பயிற்சி மாதிரி.

சொல்லுதேன், எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லுதேன். அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க, உங்க வீடுதான். கொஞ்ச நேரம் வெளிய இருங்க. டாக்டர் கேக்காங்க.